மூன்றாம் மாடியில் ஓர் உலோகக் குழாய்

இலங்கைத் தீவில் யுத்தம் நடந்த அத்தனை வருடங்களிலும் ஒரு தடவையேனும் கலையாமல், ஒத்திவைக்கப்படாமல் ஒழுங்காகக் கூடிய சபை ஒன்றே ஒன்றுதான். பாராளுமன்றம் என்று நினைத்தால் அது உங்கள் அறியாமை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் 'அலைமகள் மாடிமனை' குடியிருப்பாளர் நலன்புரிச் சங்கத்தையே சொல்கிறேன். நான்கு மாடி, பதினெட்டு வீடு. மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் நாலரைக்குக் கீழே வாகனம் விடும் இடத்தில் கதிரை போட்டுக் கூடுவோம். நாட்டில் என்ன நடந்தாலும் கூடுவோம். நாட்டில் நடந்தது எதைப் பற்றியும் கதைக்க மாட்டோம். எமது ஒற்றுமையின் இரகசியம் அதுதான்.

அரசாங்க சேவையிலிருந்து இளைப்பாறிய சண்முகலிங்கம் ஆகிய நான் அதன் செயலாளர். தலைவர் சிவபாதசுந்தரம். இரத்த அழுத்தம் உள்ளவர். எந்த முடிவையும் அந்த அழுத்தத்தைக் கலந்தாலோசித்தே எடுப்பார். இந்த இரு தூண்களின் மேல் சங்கம் நின்றுகொண்டிருந்த தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆனி மாதத்தில்தான் மூன்றாம் மாடி மிஸ் பாலேஸ்வரி ஒரு கறுப்புப் பெட்டியுடன் படியேறி வந்தா.

மிஸ் பாலேஸ்வரிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கலியாணம் செய்யவில்லை. ஒரு காப்புறுதிக் கம்பனியில் தலைமை எழுதுவினைஞர். பதினொரு வருடமாக எம்மோடு இருந்தும் எந்தக் கூட்டத்திலும் ஒரு சொல் பேசாதவ. ஆகவே மிகச் சிறந்த அங்கத்தவர் என்று கருதப்பட்டவ.

இப்படிப்பட்டவவுக்குக் கேடு வந்தது கொட்டாஞ்சேனையில். கந்தோரில் கூட வேலை செய்யும் ஒருவருடைய மகளின் கலியாண வீட்டுக்குப் போயிருக்கிறா. அங்கே 'பாண்ட்' வைத்திருக்கிறார்கள். அதில் கிளறன்ஸ் என்ற ஒருவர் சக்ஸபோன் வாசித்திருக்கிறார். எல்லோரும் சாப்பாட்டுக்கு எழும்பிப் போன பிறகும் இவ எழும்பவில்லையாம். கோழிப் புரியாணி ஆறிப்போய்க் கிடக்க, நேரே மேடைக்குப் போய்க் கிளறன்ஸிடம் கேட்டிருக்கிறா:

"இதை எத்தினை வயசுக்குள்ள பழகத் தொடங்கோணும்?"

கிளறன்ஸ் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுச் சொன்னாராம்: "மூச்சு இருக்கிற வயசுக்குள்ள, மிஸ்."

பொறுப்புள்ள ஒரு மனிதர் சொல்லும் பதிலா இது? ஐம்பது தாண்டிய ஒரு பெண்மணிக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. முட்டு வலி, கண் பரிசோதனை, கதிர்காம யாத்திரை. அந்த மனிதரோ தன்னிடமிருந்த பழைய சக்ஸபோன் ஒன்றை எடுத்து, தட்டித் துடைத்து, அவவிடமே விற்றுவிட்டார். செவ்வாயும் சனியும் பாடம் சொல்லித்தரவும் ஒப்புக்கொண்டார்.

முதல் பாடத்தில் அந்த வாத்தியத்தைத் தொடவே விடவில்லையாம். வாயில் வைக்கும் துண்டையும் கழுத்துப் பகுதியையும் மட்டும் கழற்றிக் கையில் கொடுத்திருக்கிறார். அதில் 'றீட்' என்று மூங்கில் சீவல் போல ஒன்று கட்டியிருக்கும். அதை முதலில் நாக்கில் வைத்து ஈரமாக்க வேண்டும். கீழ் உதட்டைப் பல்லின் மேல் மடித்து, மேல் பல்லைத் துண்டின் மேல் வைத்து, வயிற்றிலிருந்து ஊத வேண்டும்.

"கன்னத்த ஊத வேணாம் மிஸ். பலூன் இல்ல இது. வயித்தால. வயித்தால."

முக்கால் மணித்தியாலம் ஊதியும் காற்று மட்டுமே வந்ததாம். தலை சுற்றிக் கதிரையில் இருந்துவிட்டா. கிளறன்ஸ் பிளேன்ரீ கொடுத்து, "நல்ல தொடக்கம்" என்று சொல்லி, பெட்டியையும் கொடுத்து அனுப்பிவிட்டார். காற்று வருவதை நல்ல தொடக்கம் என்று சொல்லும் துறை வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெட்டியோடு அவ வந்தது மட்டக்குளியிலிருந்து கொட்டாஞ்சேனை வழியாக வரும் பஸ்ஸில். எங்கள் கீழ்மாடி தாஸிமும் புறக்கோட்டையில் ஏறி அதே பஸ்ஸில் வந்தவர். துணி வியாபாரி. பிறகு நடந்த கூட்டத்தில் அவர் சாட்சி சொன்னபடியே தருகிறேன்.

வழியில் இராணுவச் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்கிறார்கள். மிஸ் பாலேஸ்வரியின் கையில் நீளமான கறுப்புப் பெட்டி. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த இராணுவ வீரருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே துண்டு துண்டாக மினுங்குகிறது.

"மொகத மே?" இது என்ன என்று கேட்டார்.

"சக்ஸபோன்."

"பிம்பலா பென்னன்ன." ஊதிக் காட்டச் சொன்னார்.

ஊதிக் காட்டுவதா? அன்றுதான் அவ முதல் பாடம் படித்துவிட்டு வருகிறா. நடு வீதியில் பெட்டியை வைத்து, குத்துமதிப்பாக ஒன்றோடொன்று பூட்டி, பட்டியைக் கழுத்தில் மாட்டி ஊதினா. காற்று. இரண்டாம் முறையும் காற்று. ஊதுகருவி என்று சொல்லப்பட்ட ஒன்று ஊதியும் சத்தம் போடாவிட்டால் அது என்ன கருவி? இன்னொரு வீரர் இரண்டடி பின்னால் போனார். பஸ் சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டார். வரிசையில் நின்ற எண்பது பேரும் அவவுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

"வயித்தால ஊதுங்க எண்டு நானே சொல்லலாம் போல ஈந்திச்சு" என்றார் தாஸிம். "எனக்கு எங்க தெரியும்? ஆனா வாய் வந்திட்டு."

மூன்றாம் முறை சத்தம் வந்தது. எப்படிப்பட்ட சத்தம் என்று தாஸிமால் விளக்க முடியவில்லை. அந்த வீரர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்து, "மீ ஹரக்கெக் வகே" என்றாராம். எருமை மாதிரி என்று அர்த்தம். "ஹரி ஹரி, யன்ன." சரி, போங்கள். ஆக, மிஸ் பாலேஸ்வரியின் அரங்கேற்றம் முப்படைகளில் ஒன்றின் முன்னிலையில், எண்பது ரசிகர்கள் நின்றபடி கேட்க, நடந்தேறியது. எந்த வித்துவானுக்குக் கிடைத்திருக்கிறது இப்படி ஒரு சபை?

வீட்டுக்கு வந்தும் அவவுக்கு அந்த ஒரு சத்தம் போதவில்லை. மறுநாளிலிருந்து பின்னேரம் ஐந்தரையிலிருந்து ஆறே கால் வரை பழகத் தொடங்கினா.

உள்ளதைச் சொல்கிறேன். முதல் இரண்டு கிழமையும் மூன்றாம் மாடியில் ஒரு கப்பல் தரைதட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. இடது கையில் ஒரு விரல் வைத்தால் ஒரு சுரம், இரண்டு விரல் வைத்தால் இன்னொன்று, மூன்று வைத்தால் மூன்றாவது. இந்த மூன்றையும் நாற்பத்தைந்து நிமிடம் நீட்டி நீட்டி ஊதுவா. கீழ் உதடு வீங்கிவிட்டது. பெருவிரலில் தழும்பு. கந்தோரில் எல்லோரும் பல் வருத்தமோ என்று விசாரித்தார்களாம். ஓம் என்று சொன்னாவாம்.

ஆடி மாத முதல் ஞாயிறு சங்கம் கூடியது. அன்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது இரண்டே விடயம். ஒன்று, தண்ணீர்த் தாங்கி. மற்றது, 'மூன்றாம் மாடியிலிருந்து எழும் ஒலி'. தண்ணீர்த் தாங்கியை ஒத்திவைத்தோம்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "மிஸ் பாலேஸ்வரி, நாங்கள் கலைக்கு எதிரான ஆக்கள் இல்லை. வீணை எண்டா நாங்களே வந்து முன் வரிசையில இருந்திருப்பம். இது என்ன சாமான்?"

"சக்ஸபோன்."

"அது விளங்குது. என்னத்துக்கு?"

"ஊதுறதுக்கு."

"ஊதி?"

"ஊதிப் பழகிறதுக்கு."

"பழகி?"

மிஸ் பாலேஸ்வரி கொஞ்சம் யோசித்தா. "பிறகும் ஊதுறதுக்கு."

தலைவர் இரத்த அழுத்தக் குளிசையைத் தேடினார். நான் விசாரணையைத் தொடர்ந்தேன். "ஒரு காரணம் இருக்கும்தானே. டொக்டர் சொன்னவரோ? சுவாசப் பயிற்சிக்கு?"

"இல்லை, அண்ணை."

"கோயில் நேர்த்தியோ?"

"இல்லை."

"அப்ப?"

"எனக்கு விருப்பம்."

பதினெட்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பதினைந்து வருட யுத்தத்தில் எம்மில் எவரும் அந்தக் காரணத்துக்காக எதையும் செய்ததில்லை. வெளிநாடு போக, ஆஸ்பத்திரிக்குப் போக, பிள்ளையைப் படிப்பிக்க, விஸாவுக்குக் காத்திருக்க, இப்படி ஏதோ ஒன்றுக்காகவே வெள்ளவத்தையில் இருந்தோம். நான் கூட்டக் குறிப்பில், 'காரணம்: வெளியிடப்படவில்லை' என்று எழுதிக்கொண்டேன்.

அவவுடைய எதிர் வீட்டுப் பத்மாவதி அப்போது எழும்பினா. பத்மாவதியின் மகளுக்குக் கனடாவில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தது. "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் அவை கோல் எடுக்கிறவை. மாப்பிள்ளையின்ர தாய் கதைச்சுக்கொண்டு நிக்கேக்க இவ தொடங்கிட்டா. மனிசி பயந்துபோய்க் கேக்குது, ஐயோ, வெள்ளவத்தையிலயும் ஷெல் அடிக்கிறாங்களோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் என்னத்தைச் சொல்ல? பக்கத்து வீட்டுப் பொம்பிளை குழல் ஊதுறா எண்டு சொன்னா எங்கட குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பினம்? ஓம், ஷெல்தான் எண்டு சொன்னன்."

"பிறகு?"

பத்மாவதி குரலைத் தாழ்த்தினா. "பிறகு மாப்பிள்ளை வாங்கிக் கதைச்சார். அந்தச் சத்தத்தை கசெட் ரேப்பில அடிச்சு அனுப்பட்டாம். அவரின்ர அகதி வழக்குக்கு உதவுமாம்."

சபை இதைக் கவனமாகப் பரிசீலித்தது. சத்தத்தை உடனே நிறுத்துவதா, ரேப்பில் பதிந்த பிறகு நிறுத்துவதா என்று இருபது நிமிடம் விவாதம் நடந்தது. பதிந்த பிறகு என்று பெரும்பான்மையோர் கருதினார்கள். நாங்கள் இரக்கமற்றவர்கள் அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தாஸிம் மட்டும் மாறி நின்றார். அப்போதுதான் பஸ் கதையைச் சொன்னார். சொல்லிவிட்டு, "எனக்கொரு கரைச்சலும் இல்ல. நான் கடையால வந்து ஸோபாவில சாயிற நேரம் அவங்க ஊதுவாங்க. நேத்து ஒரு சத்தம் நேரா வந்திச்சு. எங்கட றமீலா கிச்சன்ல இருந்து கை தட்டினா" என்றார். றமீலா அவருடைய மனைவி. கீழ்மாடியில் இருப்பவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று தலைவர் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

கடைசியில் ஒரு தீர்மானமும் எடுக்காமல் கூட்டம் இனிதே நிறைவுற்றது. மிஸ் பாலேஸ்வரி எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போய் ஐந்தரைக்குத் தொடங்கினா.

ஆனால் செயலாளருக்குக் கடமை என்று ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த இடம், கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம். பதினெட்டு வீட்டுப் படிவங்களையும் சிங்களத்தில் நிரப்பி நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். சார்ஜன்ட் இதுவரை ஒரு பிழைகூடப் பிடித்ததில்லை. படிவத்தின் கடைசியில் 'வேறு குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். பத்து வருடமாக அது வெறுமையாகவே கிடந்தது. வெறுமையான ஒரு கட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னைப்போல் ஒருவனால் முடியாது.

பிற்காலத்தில் ஏதாவது பிரச்சினை வந்தால் சங்கம் மறைத்தது என்று யாரும் சொல்லக்கூடாது. ஆகவே ஒரு நல்லெண்ணத்தில், மிஸ் பாலேஸ்வரியின் படிவத்தின் அந்தக் கட்டத்தில் எழுதினேன். 'சக்ஸபோன்' என்று எழுதினால் பதிவேட்டின் கனம் குறைந்துவிடும், விளையாட்டாக எடுத்துவிடுவார்கள். பொதுவான, கண்ணியமான ஒரு சொல் தேவைப்பட்டது. 'லோஹ நலயக்' என்று எழுதினேன். உலோகக் குழாய் ஒன்று. சத்தமிடக்கூடியது.

இதில் ஒரு சொல்லாவது பொய் என்று எவராலும் காட்ட முடியாது.

படிவங்களைக் கொடுத்த ஐந்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பொலிஸ் வந்தது. ஒரு சார்ஜன்ட், மூன்று கான்ஸ்டபிள்கள், இரண்டு பெண் பொலிஸார். வேறு எந்த வீட்டுக் கதவையும் தட்டவில்லை. நேரே மூன்றாம் மாடி. நான் பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழ் வாசலில் நின்றேன். தலைவரும் நின்றார். மேலே கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. எமது கதவுகள் மெதுவாகவே சாத்தப்படும்; அது சங்கத்தின் விதி.

பத்து நிமிடத்தில் மிஸ் பாலேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் உடுத்தியிருந்த அதே சேலை. பின்னால் ஒரு கான்ஸ்டபிள் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே என்ன வெடிக்கும் என்று அவருக்குத் தெரியாதல்லவா.

சார்ஜன்ட் என்னிடம் நின்றார். "மேயாவ தன்னவத?" இவவைத் தெரியுமா?

மிஸ் பாலேஸ்வரி என்னைப் பார்த்தா. அவ பயந்தது போலத் தெரியவில்லை. பஸ்ஸிலோ கடைத்தெருவிலோ தெரிந்த ஆளைக் கண்டால் நிம்மதியாக ஒரு பார்வை வருமே, அப்படித்தான் பார்த்தா.

"ஹரியட்டம தன்னே நே, சார்" என்றேன். சரியாகத் தெரியாது.

அந்தச் 'சரியாக' என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒரு மனிதரைச் சரியாகத் தெரியும் என்று இந்த உலகத்தில் யாரால் சொல்ல முடியும்? தத்துவ ஞானிகள் தடுமாறிய இடம் அது. தலைவர் அந்தளவு ஆழமாகப் போகவில்லை. அவ வந்து கனகாலம் இல்லை என்று மட்டும் சொன்னார்.

மிஸ் பாலேஸ்வரி அதன் பிறகு எங்களைப் பார்க்கவில்லை. றமீலாதான் ஓடிவந்து, "அக்கா, செருப்பு" என்று தன்னுடைய செருப்பைக் கழற்றிக் காலடியில் வைத்தா. அவவுக்கு இரண்டு அளவு பெரிது. அதோடுதான் ஜீப்பில் ஏறினா.

சங்கம் அன்று மாலையே அவசரமாகக் கூடியது. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம் என்று எவரும் சொல்ல முடியாது. தூதுக்குழு ஒன்றை அனுப்புவதென ஏகமனதாக முடிவானது. குழுவில் யார் என்பதில்தான் சிறிது இழுபறி. தலைவருக்கு அழுத்தம். பத்மாவதிக்குக் கனடா. தாஸிம் புத்தளத்தில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். எனக்கு ஆவணங்களைப் பாதுகாக்கும் பொறுப்பு. ஆகவே தூதுக்குழுவுக்குப் பதிலாக ஒரு கடிதம் அனுப்பலாம் என்றார்கள். கடிதம் அனுப்புவதென்றால் அது பொதுச்சபையில் அங்கீகரிக்கப்பட வேண்டும். பொதுச்சபைக்கு ஏழு நாள் முன்னறிவித்தல் தேவை. அறிவித்தலை அன்றே தயாரித்துப் படிக்கட்டில் ஒட்டினேன். இவ்வளவு விரைவாக எந்தச் சங்கம் இயங்கியிருக்கிறது?

றமீலா சங்கத்தின் அங்கத்தவர் அல்ல, கணவர்தான் அங்கத்தவர். ஆகவே விதிமுறை தெரியாமல், மிஸ் பாலேஸ்வரியின் வீட்டுக்குள் போய், மேசையில் கிடந்த பாடக் கொப்பியின் முதல் பக்கத்தில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்துவிட்டா.

அடுத்த நாள் காலை கிளறன்ஸ் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். கலியாண வீடுகளுக்குப் போடும் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தன்னுடைய சக்ஸபோனையும் கையில் எடுத்துக்கொண்டு. உலோகக் குழாய் ஒன்றைப் பற்றி விசாரணை நடக்கும் இடத்துக்கு இரண்டாவது உலோகக் குழாயோடு போவது எவ்வளவு மடத்தனம் என்று அந்த மனிதருக்கு விளங்கவில்லை. அவரையும் மூன்று மணித்தியாலம் மர வாங்கில் இருத்தினார்கள்.

உள்ளே பெரிய சிக்கல். உலோகக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பொலிஸார் சக்ஸபோனைக் கழற்றியிருக்கிறார்கள். சின்னச் சின்னத் திருகாணி, கம்பிச் சுருள், தோல் மூடி என்று மேசை நிறையப் பரவிக் கிடக்கிறது. திரும்பப் பூட்டத் தெரியவில்லை. விசாரணை அதிகாரி தன் அனுபவத்தில் முதல் தடவையாகச் சான்றுப்பொருளைக் கண்டு பயந்தாராம். கிளறன்ஸைக் கூப்பிட்டார்கள். அவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, பின்னேரம் வரை இருந்து ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

பூட்டி முடிந்ததும் அதிகாரி கேட்டார், சிங்களத்தில்: "இந்த அம்மாவைத் தெரியுமா? தெரிந்த ஒருவர் கையெழுத்து வைத்தால் விடலாம். வெள்ளவத்தையில் யாருக்கும் தெரியாதாம்."

"தெரியும்" என்றார் கிளறன்ஸ்.

"எவ்வளவு காலம்?"

"ஆறு கிழமை."

"ஆறு கிழமையில் என்ன தெரியும்?"

"இடக்கையில மூணாவது விரல் லேட்டா வரும், சார். உதட்ட ஓவரா கடிப்பாங்க. பிழை விட்டா மன்னிப்புக் கேட்டுட்டு முதல்ல இருந்து ஊதுவாங்க. நான் கேக்கச் சொல்றதில்ல. அவங்களாவே கேப்பாங்க."

இதையெல்லாம் வாக்குமூலத்தில் எழுத முடியாதென்று அதிகாரி சொல்லியிருக்கிறார். அவருக்கு நம்பிக்கையும் வரவில்லை. மிஸ் பாலேஸ்வரியைக் கூட்டிவந்து வாசிக்கச் சொன்னார்கள். ஒரு இரவு நித்திரை இல்லை, ஒன்றும் சாப்பிடவும் இல்லை. றமீலாவின் பெரிய செருப்போடு நின்று, றீட்டை நாக்கில் வைத்து ஈரமாக்கி, அதுவரை படித்த ஐந்து சுரங்களையும் ஏறுமுகமாக ஒரு தடவை, இறங்குமுகமாக ஒரு தடவை வாசித்தா. மூன்றாவது விரல் பிந்தியது. நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, முதலிலிருந்து தொடங்கினா.

அதிகாரி பேனையை எடுத்துக் கிளறன்ஸிடம் கொடுத்தாராம்.

திங்கட்கிழமை பின்னேரம் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினா. நாங்கள் எல்லோரும் அவவைக் கண்டு மிகவும் சந்தோஷப்பட்டோம், யன்னல் சீலையை விலக்காமலே. ஐந்தரைக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தோம். ஐந்தே முக்காலுக்குத் தொடங்கினா. அன்று அவ வாசித்தது நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு மாடியிலும் ஒரு குழாய் திறக்கும் சத்தம்கூட இல்லை. பத்மாவதி ரேப் ரெக்கோடரை எடுத்து வைத்துவிட்டுப் பொத்தானை அமத்தாமல் இருந்ததாக மகள் பிறகு சொன்னா.

இரண்டு கிழமை கழித்து, வீட்டைக் காலி செய்து கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மேல்மாடிக்குப் போவதாக எழுத்தில் அறிவித்தா. சங்கம் தன் கடமையை மறக்கவில்லை. தேநீர், வடை, றோல்ஸ் உடன் பிரியாவிடை வைபவம் ஒன்றை ஏற்பாடு செய்தோம். மஞ்சள் கடதாசியில் வாழ்த்துமடல் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டோம். எழுதியவன் நான். கிளறன்ஸையும் அழைத்திருந்தோம், வந்து பின் வரிசையில் தாஸிமுக்கும் றமீலாவுக்கும் பக்கத்தில் இருந்தார்.

தலைவர் பேசினார். கலையை வளர்ப்பதில் எமது சங்கம் என்றும் பின்னின்றதில்லை என்றார். பின், ஒரு பக்திப் பாடல் வாசிக்கும்படி மிஸ் பாலேஸ்வரியைக் கேட்டுக்கொண்டார்.

"எனக்குப் பாட்டு இன்னும் தெரியாது. ஐஞ்சு சுரம்தான் தெரியும்."

"அதையே வாசியுங்கோ. எல்லாம் கடவுளுக்குத்தான்."

வாசித்தா. கையைத் தட்டினோம். பத்மாவதி கண்ணைத் துடைத்தா. மாப்பிள்ளையின் வழக்கு அந்தக் கிழமைதான் வென்றிருந்தது. எந்த ஆதாரத்தால் என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்து நான் எழும்பி வாழ்த்துமடலை வாசித்தேன். என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். "பதினொரு ஆண்டுகளாக எம்மில் ஒருவராய், எம் அனைவருக்கும் நன்கு தெரிந்தவராய், அன்பும் அடக்கமும் ஒருங்கே பொருந்திய பெருமாட்டியாய்…" வாசித்து முடித்துச் சட்டத்தை அவவிடம் நீட்டினேன்.

அவ வாங்கவில்லை. கழுத்தில் சக்ஸபோன் தொங்கியபடியே இருந்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டா:

"அண்ணை, அந்த ரெண்டாவது வரியை மட்டும் இன்னொருக்கா வாசிப்பீங்களோ?"

மகிழ்ச்சியோடு வாசித்தேன். "எம் அனைவருக்கும் நன்கு தெரிந்தவராய்."

"ஓம். அதுதான். அதைச் சிங்களத்தில ஒருக்காச் சொல்லுங்கோ. அண்டைக்குக் காலமை வாசலில வைச்சு எந்தப் பாஷையில கேட்டவையோ, அந்தப் பாஷையில."

தலைவர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார். பின் வரிசையிலிருந்து கிளறன்ஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், தப்பாக வரப்போகும் ஒரு சுரத்துக்குக் காத்திருப்பவர் போல.

"எனக்குச் சிங்களம் அவ்வளவாக வராது, பிள்ளை" என்றேன்.

முப்பத்திரண்டு வருடம் நான் அரசாங்கத்தில் பார்த்த உத்தியோகம், தமிழிலிருந்து சிங்களத்துக்கு மொழிபெயர்ப்பது.